கோயில் முன்றலுக்குப் போகும் கேபிள்: செய்வதா, வாங்குவதா?

மைக் கேபிள் ஒன்று பழுதாகும்போது அதன் நடுப்பகுதி அறுந்திருப்பது மிக அரிது. பிளக்கின் வாயிலிருந்து நான்கு விரல் தூரத்துக்குள், கம்பி மடிந்து மடிந்து களைத்துப்போன இடத்திலோ, பிளக்குக்குள்ளே ஈயப்பற்று விட்டுப்போன இடத்திலோதான் பழுது இருக்கும். மண்டபத்துக்குள் ஒரே இடத்தில் கிடக்கும் கேபிளுக்கே இது நடக்கிறது என்றால், கிளிநொச்சியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, கிரவல் வீதியில் குலுங்கி, கோயில் முன்றலில் நூறு பேரின் கால்களுக்கு அடியில் கிடந்து, விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு சுருட்டப்படும் எங்கள் கேபிள்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே, செய்வதா வாங்குவதா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தக் கேபிள் பழுதானால் அதைத் திறக்கமுடியுமா?

கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களின் பிளக்குகள் இறப்பரிலோ பிளாஸ்ரிக்கிலோ வார்த்து மூடப்பட்டவை. உள்ளே ஒரு கம்பி விட்டால், பிளக்கை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. நாமே செய்யும் கேபிளில் பிளக்கைக் கழற்றி, இரண்டு நிமிடத்தில் ஈயம் பிடித்து, மறுபடி பூட்டலாம். நாமே செய்வதற்கு நான் கண்ட முதற் காரணம் இதுவே. இரண்டாவது காரணம் நீளம். கடைக் கேபிள்கள் பெரும்பாலும் 3, 5, 10 மீற்றர் என்ற அளவுகளில் வரும். மூலஸ்தானத்திலிருந்து, ஒலிகளைக் கலக்கும் மிக்சர் வைத்திருக்கும் கொட்டில் வரை உள்ள தூரம் 17 மீற்றராக இருக்கும். இரண்டு கேபிள்களை இடையில் பொருத்தினால், பழுதாகக்கூடிய இடங்கள் இரண்டு கூடிவிடும்.

ஒலி தெளிவாகும் என்பதற்காக யாரும் கேபிள் செய்யத் தொடங்கவேண்டாம். சாதாரண மைக்கின் வெளியீட்டுத் தடங்கல் (மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு) ஏறத்தாழ 200 ஓம். நல்ல மைக் கேபிளின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட். இவை இரண்டும் சேர்ந்துதான் மேல்ச்சுருதியை, அதாவது கூரிய உயர் ஒலிகளை, மங்கவைக்கும். 100 மீற்றர் நீளத்துக்கு இழுத்தாலும், மேல்ச்சுருதி குறையத் தொடங்குவது 80 கிலோஹேர்ட்ஸ் அளவில்தான். மனிதக் காதோ 20 கிலோஹேர்ட்சுடன் நின்றுவிடுகிறது. ஒட்சிசன் நீக்கிய செம்பு, தங்க முலாம் என்று பெட்டியில் அச்சிட்டு மூன்று மடங்கு விலை சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும். தங்க முலாம் துருப்பிடிக்காது என்பது உண்மை. உப்புக்காற்றில் அதற்குப் பயனும் உண்டு. ஆனால் அதனால் பாட்டு இனிமையாவதில்லை. கித்தார் போன்ற வாத்தியங்களின் கேபிள் மட்டும் விதிவிலக்கு: அவற்றின் தடங்கல் பல ஆயிரம் ஓம் என்பதால், கேபிள் நீளக் கூடக் கூட மேல்ச்சுருதி உண்மையிலேயே மங்கும். அதை 6 மீற்றருக்கு மேல் செய்யாதீர்கள்.

எவற்றைச் செய்யலாம், எவற்றை விட்டுவிடலாம்

மைக் கேபிள், ஸ்பீக்கர் கேபிள், மிக்சரிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் கேபிள், தொலைபேசியிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிள் ஆகிய நான்கையும் தயங்காமல் செய்யுங்கள். யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, ஒளியிழைக் கேபிள்களை வாங்கிவிடுங்கள். அவற்றின் உள்ளமைப்பு கைவேலைக்கு ஒத்துவராது. ஒரு சாண் நீளமுள்ள இணைப்புக் கேபிள்கள் பத்துப் பன்னிரண்டு தேவையென்றாலும் வாங்குவதே மேல், ஏனென்றால் அந்த நீளத்துக்குக் கம்பியின் விலை ஒன்றுமில்லை, இரண்டு நல்ல பிளக்குகளின் விலையே கடைக் கேபிளின் விலையைத் தாண்டிவிடும். செலவு என்று பார்த்தால், நீளம் கூடக் கூடத்தான் சொந்தக் கேபிள் இலாபம் தரும். சுருளாக 100 மீற்றர் வாங்கி, அதிலிருந்து வெட்டி எடுப்பவருக்கு அந்த இலாபம் இன்னும் கூடும். ஒரே ஒரு கேபிள் மட்டும் தேவைப்படுபவர், ஈயம் பிடிக்கும் அயனையும், இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீற்றரையும் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். அவருக்கு நான் சொல்லும் புத்தி, திருகிக் கழற்றக்கூடிய பிளக் உள்ள கேபிளைக் கடையில் வாங்குங்கள் என்பதுதான்.

கம்பியும் பிளக்கும் வாங்கும்போது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள மின்பொருட் கடைகளில் மைக் கேபிள் மீற்றர் கணக்கில் கிடைக்கும். சுருளாக வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போகவேண்டும், அல்லது கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடவேண்டும். எங்கே வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் நுனியில் ஓர் அங்குலத்தைச் சீவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

பார்க்கவேண்டியது இது. கம்பி இழை ஒன்றை எடுத்து, பிளேட்டின் கூரால் மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளும் புறமும் சிவப்பாக இருந்தால் செம்பு. மேலே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியக் கம்பி அதே தடிப்புள்ள செம்பைவிடக் கூடிய தடை உள்ளது. மடிக்க மடிக்கச் செம்பைவிட விரைவில் ஒடியும். பிளக்கில் ஈயம் பிடித்தாலும் சில மாதங்களில் விட்டுவிடும். நான் முதன்முதலில் வாங்கிய சுருளே அப்படிப்பட்டதுதான். விலை மலிவென்று மகிழ்ந்து வாங்கி, ஒரு திருவிழாக் காலம் முடிவதற்குள் எட்டுக் கேபிள்களில் ஐந்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன்.

அடுத்தது கவசம். மைக் கேபிளுக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். அவற்றைச் சுற்றி மூன்றாவதாகக் கவசம் இருக்கும். பின்னல்போல நெய்த கவசம் உறுதியானது, ஆனால் பிரித்தெடுக்க நேரம் எடுக்கும். ஒரே திசையில் சுற்றிய கவசத்தைக் கையால் விரித்துவிடலாம். அது வளைந்து கொடுக்கும் என்பதால் மேடைக்கு நான் பயன்படுத்துவது இதையே. தகட்டுத்தாள் கவசம் சுவரோடு பொருத்தி நிரந்தரமாக விடும் இடங்களுக்கு மட்டும் ஏற்றது. சுருட்டி விரித்தால் கிழிந்துவிடும்.

பிளக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஒலிபெருக்கிக்காரர் இன்னும் கெனன் என்று சொல்லும் எக்ஸ்எல்ஆர் பிளக்கில் (மைக் கேபிளின் மூன்று பின் பிளக்), கேபிளின் மேலுறையை இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு உள்ளே இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். அது இல்லாத பிளக்கில், யாராவது கேபிளில் தடுக்கினால் இழுவை முழுவதும் மூன்று ஈயப்பற்றுகளில் விழும்.

மைக் கேபிள் செய்யும் முறை

தேவையானவை: 40 வாற்று அளவுள்ள அயன், றொசின் என்ற பிசினை உள்ளே கொண்ட ஈயக்கம்பி, கூரான பிளேட், சிறு வெட்டி, மல்டிமீற்றர். ஈயக்கம்பி 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்ததாக இருந்தால் வேலை சுலபம். அது 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். தகர வேலைக்காரர் பூசும் அமிலத்தை இதற்கு எக்காரணம் கொண்டும் தொடவேண்டாம். அன்றைக்கு நன்றாகப் பிடித்ததுபோல் இருக்கும், பிறகு கம்பியை அரித்துவிடும். காற்றோட்டமான இடத்தில் இருந்து செய்யுங்கள். முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

முதல் வேலை, பிளக்கின் பின்மூடியையும் இறுக்கும் உறுப்பையும் கேபிளில் கோத்துவிடுவது. இதை நான் முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு: மூன்று கம்பிகளையும் அழகாக ஈயம் பிடித்து முடித்து, நிமிர்ந்து பார்த்தால் பின்மூடி மேசையில் கிடக்கும். கேபிள் செய்பவர் எவரும் இந்தத் தவறைச் செய்யாமல் தேர்ந்ததில்லை. நான் இன்றைக்கும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது செய்கிறேன்.

பிறகு மேலுறையை 2 சென்ரிமீற்றர் அளவுக்குச் சீவுங்கள். பிளேட்டை அழுத்தி வெட்டாமல், உறையைச் சுற்றி மெல்லிய கோடு மட்டும் போட்டு, கேபிளை அந்த இடத்தில் வளைத்தால் உறை தானாக வெடித்து விலகும். உள்ளே கவசத்தின் இழைகள் வெட்டுப்படா. கவசத்தை ஒரு பக்கமாகத் திரட்டி முறுக்குங்கள். உள்ளே பஞ்சு நூல் இருந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள். இரண்டு கம்பிகளின் நுனியிலும் 4 மில்லிமீற்றர் அளவுக்கு உறை நீக்கி, மூன்று நுனிகளிலும் அயனை வைத்து ஈயம் ஏற்றுங்கள். ஈயம் ஏறிய நுனி இழை பிரியாமல் ஒரே ஊசிபோல் இருக்கவேண்டும். பக்கத்தில் தப்பி நிற்கும் ஒற்றை இழைதான் பிறகு அடுத்த பின்னைத் தொட்டு, நடு இரவில் மைக்கை ஊமையாக்கும்.

பிளக்கின் முகத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்ற எண்கள் மிகச் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். 1 கவசத்துக்கு, 2 நேர்க் கம்பிக்கு, 3 மறைக் கம்பிக்கு. ஆண் பிளக்கிலும் பெண் பிளக்கிலும் எண்களின் வரிசை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருக்கும் என்பதால், நினைவை நம்பாமல் எண்ணை வாசித்தே பிடியுங்கள். நேர்க் கம்பிக்கு எந்த நிறம் என்பது உங்கள் விருப்பம். நான் சிவப்பை, அது இல்லையென்றால் வெள்ளையை எடுக்கிறேன். எதை எடுத்தாலும் வாழ்நாள் முழுவதும் அதையே கடைப்பிடிக்கவேண்டும். ஒரு முனையில் 2ம் 3ம் மாறிவிட்டால் அந்த மைக் தனியாக வேலை செய்யும்போது குறை தெரியாது. ஒரே மேளத்தின் முன் அருகருகே வைத்த இரண்டு மைக்குகளில் ஒன்றின் கேபிள் அப்படி மாறியிருந்தால், மேளத்தின் அடிநாதம் காணாமற்போகும். அந்தக் குறையைத் தேடி மிக்சரைத் திருகிக்கொண்டிருப்பவர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

ஈயம் பிடிக்கும்போது, அந்தப் பிளக்கை அதற்குப் பொருந்தும் இன்னொரு பிளக்கில் செருகி வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் பிளாஸ்ரிக் இளகினாலும் பின்கள் இடம் பெயரா. பின்னின் பின்புறத்தில் இருக்கும் சிறு கிண்ணத்தை அயனால் சூடாக்கி, பாதியளவு ஈயம் விட்டு, அது நீராக இருக்கும்போதே கம்பி நுனியை உள்ளே இறக்கி, அயனை எடுத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு அசையாமல் பிடியுங்கள். எல்லாம் நான்கு விநாடிக்குள் முடியவேண்டும். ஆறிய ஈயம் பளபளவென்று வழுக்கலாக இருந்தால் நன்று. மங்கிப்போய் மணல்போல் இருந்தால் கை அசைந்திருக்கிறது, மறுபடி சூடாக்குங்கள். 2ஐயும் 3ஐயும் முதலில் பிடித்து, கூடிய சூடு கேட்கும் கவசத்தைக் கடைசிக்கு விடுவது என் வழக்கம். பிறகு இறுக்கும் உறுப்பு மேலுறையின் மேல் அமரும்படி பூட்டுங்கள். மைக்குப் போகும் முனைக்குப் பெண் பிளக், மிக்சருக்குப் போகும் முனைக்கு ஆண் பிளக்.

செய்து முடித்ததை மீற்றர் வைத்துப் பார்க்காமல் பையில் போடாதீர்கள். ஒலியெழுப்பும் நிலையில் மீற்றரை வைத்து, 1இலிருந்து 1க்கும், 2இலிருந்து 2க்கும், 3இலிருந்து 3க்கும் கூவுகிறதா என்று பாருங்கள். பிறகு 1-2, 1-3, 2-3 என்ற சோடிகளில் கூவாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு முனைகளையும் ஆட்டி ஆட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. புதிய கித்தார் கேபிளையும் மிக்சர் கேபிளையும் இதே வழியில் செய்யலாம், 6.35 மில்லிமீற்றர் ஜாக்கில் நுனி நேர், வளையம் மறை, அடித்தண்டு கவசம் என்பது மட்டும் வேறுபாடு. கித்தார் கேபிளின் ஜாக்கில் வளையம் இல்லை, நுனியும் அடித்தண்டும் மட்டுமே.

ஸ்பீக்கர் கேபிள்

இங்கே கவசம் தேவையில்லை, தடிப்பே முக்கியம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். ஸ்பீக்கர் 20 மீற்றர் தூரத்தில் இருந்தால், போகவும் வரவும் 40 மீற்றர், ஆகவே 0.46 ஓம். 8 ஓம் பெட்டி ஒன்றுக்கு அதனால் வலுவில் சுமார் 10 வீதம் குறையும். இரண்டு பெட்டிகளைச் சமாந்தரமாகப் பொருத்தி 4 ஓம் ஆக்கினால், குறைவு 20 வீதத்தைத் தொடும். 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பிக்கு மாறினால், 4 ஓமிலும் அது 12 அல்லது 13 வீதமாகிவிடும். அதனால் நான் 10 மீற்றர் வரைக்கும் 1.5, அதற்கு மேல் 2.5 என்று வைத்திருக்கிறேன். வீட்டு மின்வேலைக்கு வரும் பல இழை நெகிழ் கம்பி இதற்குத் தாராளமாகப் போதும். ஒற்றைத் தடிக் கம்பியை வாங்கிவிடாதீர்கள், சுருட்ட வராது. திருப்பிப் பூட்டும் ஸ்பீக்கொன் பிளக்கில் பெரும்பாலும் ஈயமே தேவையில்லை, திருகாணி போதும். மைக் கேபிளை அவசரத்துக்கு ஸ்பீக்கருக்குப் போடுவது வேண்டாம். அதன் கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது.

பனையிலும் கம்பத்திலும் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள், ஒலியைக் கூடிய வோல்ற்றிலும் குறைந்த மின்னோட்டத்திலும் அனுப்பும் 100 வோல்ற்று முறையில் ஓடினால் கணக்கு வேறு. 30 வாற்றுக் குழாய் நான்கு சேர்ந்தாலும் எடுப்பது 1.2 அம்பியர்தான், 200 மீற்றருக்கு அதே 1.5 கம்பியில் இழப்பது சுமார் 5 வோல்ற்று. ஊர் முழுக்கக் கேட்கும் பாட்டு மெல்லிய கம்பியில் போவதன் இரகசியம் இதுதான். ஆனால் அந்த 100 வோல்ற்று கையில் அடிக்கும். இடை முடிச்சுகளை வெறுமனே முறுக்கி விடாமல், மின்காப்பு ரேப் சுற்றி மூடிவிடுங்கள்.

தொலைபேசியிலிருந்து மிக்சருக்கு

இந்தக் கேபிளை நான் ஒருமுறை பிழையாகச் செய்தேன். தொலைபேசியின் 3.5 மில்லிமீற்றர் ஜாக்கின் ஒரு முனையிலிருந்து மூன்று கம்பிகளை எடுத்து, மறுமுனையில் மூன்று தொடுகையுள்ள 6.35 ஜாக்கில் அப்படியே பிடித்து, மிக்சரின் ஒரு துளையில் செருகினேன். பக்திப் பாடலின் தபேலா கேட்டது, வயலினும் கேட்டது, பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருந்தது. திண்ணையில் இருந்த ஐயா ஒருவர், “தம்பி, மேளமெல்லாம் கேக்குது, பாட்டுக்காரனைத்தான் காணேல்லை” என்றார்.

நடந்தது இதுதான். தொலைபேசியில் நுனி இடப்பக்க ஒலி, வளையம் வலப்பக்க ஒலி. மிக்சரின் துளையோ நுனியிலிருந்து வளையத்தைக் கழித்து, மிஞ்சுவதையே எடுக்கும். கேபிளில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல் இருப்பதால் கழிந்துபோகட்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பாடகரின் குரல் வழக்கமாக இரண்டு பக்கத்திலும் சமமாகவே பதிவாகியிருக்கும். ஆகவே இரைச்சலோடு சேர்ந்து குரலும் கழிந்துவிட்டது. சரியான வழி, இடத்தையும் வலத்தையும் இரண்டு தனி ஜாக்குகளாகப் பிரித்து இரண்டு துளைகளில் கொடுப்பது. ஒரு துளைதான் இருக்கிறதென்றால், ஒவ்வொரு பக்கத்திலும் 1 கிலோஓம் தடையி (ரெசிஸ்டர்) ஒன்றை வைத்த பிறகே இரண்டையும் சேர்க்கவேண்டும். கால் வாற்றுத் தடையிகள் இரண்டும் ஜாக்கின் உறைக்குள்ளேயே அடங்கும். தடையி இல்லாமல் நேரே சேர்த்தால், இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று தள்ளும். தொலைபேசியை எக்ஸ்எல்ஆர் துளையில் நேரடியாகச் செருகும் கேபிளைச் செய்யவே வேண்டாம். மிக்சரில், சில மைக்குகளுக்கு மின்சாரம் ஊட்டும் 48 வோல்ற்றுப் பொத்தான் போட்டிருந்தால், அது தொலைபேசிக்குள் பாயும். அதற்கென்று, இடையில் வைக்கும் மின்மாற்றி கொண்ட டீஐ பெட்டியை வாங்குங்கள்.

உறுமல் வந்தால்

கேபிள் சரியாக இருந்தும் உறுமல் வருவதுண்டு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; உறுமல் அந்தச் சுருதியிலோ அதன் இரட்டிப்பிலோ இருந்தால், முதலில் மைக் கேபிள் மின்கேபிளோடு சேர்ந்து ஒரே கட்டாக ஓடுகிறதா என்று பாருங்கள். பந்தற் சோடனை விளக்குகளின் கம்பிகளை மைக் கேபிள் கடக்கவேண்டுமென்றால், குறுக்காகக் கடக்க விடுங்கள். மிக்சரும் அம்பிளிபயரும் வேறு வேறு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தாலும் உறுமும்; ஒரே இடத்திலிருந்து எடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், மிக்சரிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் சமநிலைக் கேபிளில் (நேர், மறை, கவசம் மூன்றும் உள்ளது), அம்பிளிபயர் முனையில் மட்டும் கவசத்தைப் பிடிக்காமல் விட்ட கேபிள் ஒன்றைச் செய்து, அதில் அடையாளம் ஒட்டி வைத்திருங்கள். மின்பிளக்கின் எர்த்தைக் கழற்றி உறுமலை நிறுத்தும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கும் பூசகரின் உயிர் அந்த எர்த்தில்தான் இருக்கிறது.

வைத்திருப்பது

பற்றரி தடைப்பொருளாயிருந்த தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது; ஒரு கம்பித் துண்டையும் எறிய மனம் வராத தலைமுறையிடம்தான் நான் ஈயம் பிடிக்கப் பழகினேன். இருந்தாலும் பச்சை பூத்த செம்பை மட்டும் இரக்கமில்லாமல் வெட்டி எறியவேண்டும். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிற் பொங்கல் போன்ற இடங்களில், நந்திக்கடற் காற்றில் ஓர் இரவு கிடந்த கேபிளை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, நிழலில் ஆறவிட்ட பிறகு சுருட்டுங்கள். முழங்கையிலும் உள்ளங்கையிலும் மாற்றி மாற்றிச் சுற்றினால் உள்ளே முறுக்கு ஏறும். ஒரு வளையத்தை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் விட்டுச் சுருட்டினால், எறிந்தவுடன் நேராக விரியும். மாரி காலத்தில் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள். எலிக்குக் கேபிள் உறை கரும்புபோல. இரு முனைகளிலும் நீளத்தை எழுதி ஒட்டுங்கள். நிகழ்ச்சி நடுவே ஒரு கேபிள் பழுதானால், அதைக் கழற்றியவுடன் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். பிளக்கைத் திறந்து, ஈயம் பிடித்து, மீற்றர் ஆறு முறையும் சரியென்று சொன்ன பிறகே அந்த முடிச்சை அவிழ்க்கவேண்டும்.